சல்லடைக்கும் ஒரு நம்பர் உண்டு

அக்டோபர் பிறந்தால் இங்கே வட இந்தியக் கடைத்தெருக்களில் ஜரிகை ஒட்டிய சல்லடைகள் தொங்க ஆரம்பித்துவிடும். கர்வா சௌத் அன்று பெண்கள் அதன் வழியாக நிலாவையும் கணவன் முகத்தையும் பார்ப்பார்கள். நான் வேலை பார்க்கும் மருந்து ஃபாக்டரியில் வருஷம் முழுக்க சல்லடை வழியாகப் பார்க்கிறோம். நிலாவை அல்ல, டியூப்லைட்டை! காரணத்தைச் சொல்ல, கொஞ்சம் சரித்திரம் பேச வேண்டும்.

நம் முன்னோர்களுக்கு வடிகட்டிகள் மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. 13-ம் நூற்றாண்டு நன்னூல், கடைசி ரக மாணவனுக்கு நெய்யரியை உவமை சொல்கிறது. அதாவது நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் பன்னாடை. பாவம், கசடைப் பிடிப்பதுதானே அதற்குக் கொடுத்த வேலை!

ஐரோப்பாவில் 1556-ல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்கத் தொழில் புத்தகத்திலேயே தாதுவைச் சலிக்கும் சல்லடைகள் படத்தோடு இருக்கின்றன. 19-ம் நூற்றாண்டில் மாவு மில்களுக்கு சுவிட்சர்லாந்தின் பட்டு வலை பேர்போனது. ஆனால் ஒரு சல்லடையை இன்னொன்றிலிருந்து எப்படி அடையாளம் காண்பது? ஒரு அங்குலத்தில் எத்தனை ஓட்டை என்று எண்ணுவதுதான் வழக்கம். அதுதான் 'மெஷ்'. திருப்பூர், கோவைக்காரர்கள் துணியின் இழையை கவுண்டிங் கிளாஸ் வைத்து எண்ணுவது போலத்தான்.

இதில் ஒரு சிக்கல். அங்குலத்துக்கு 200 ஓட்டை என்றால் ஒரு ஓட்டைக்கும் ஒரு கம்பிக்கும் சேர்த்து 127 மைக்ரான் இடம். கம்பி 53 மைக்ரான் என்றால் ஓட்டை 74. கம்பியைக் கொஞ்சம் தடிமனாக்கினால் ஓட்டை சுருங்கிவிடும். ஆனால் பெயர் அதே 200 மெஷ்! வாங்குபவர் ஒரு சல்லடையிலும் விற்பவர் இன்னொன்றிலும் சலித்தால் சண்டைதான்.

இதற்கு ஒழுங்கு கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரியாவின் ரிட்டிங்கர். 1867-ல் அவர் சொன்ன யோசனை எளிமையானது. ஒவ்வொரு சல்லடையின் ஓட்டையும் முந்தியதைவிட 1.414 மடங்கு அகலமாக இருக்கட்டும். அப்போது ஓட்டையின் பரப்பு சரியாக இரண்டு மடங்காகும். அதே கணக்கில் 1910-ல் அமெரிக்காவின் டைலர் கம்பெனி கம்பித் தடிமனையும் சேர்த்து ஒரு வரிசை வெளியிட்டது. மேலே சொன்ன 74 மைக்ரான் அவர்களுடைய 200 மெஷ்தான். நம் நாட்டின் ஐ.எஸ். 460 தரம் 1985-ல் மூன்று பாகங்களாக வந்தது. மூன்றாம் பாகம் முழுக்க ஓட்டைகளை எப்படிப் பரிசோதிப்பது என்பதுதான்.

இதெல்லாம் லேப் சல்லடைக் கதை. உற்பத்திக் கூடத்து சல்லடைக்கு வேறு ஆபத்து. சிஃப்டர் குலுக்கும் குலுக்கலில் ஓரத்தில் ஒரு கம்பி அறுந்தால், அந்தத் துண்டு மாத்திரைக்குள் போய்விடும். மெல்லிய கம்பி நெட்டுக்குத்தாக வந்தால் அடுத்த சல்லடையும் பிடிக்காது. 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காந்தம் சரியாக இழுக்காது, மெட்டல் டிடெக்டருக்கும் சிரமம்.

அதனால்தான் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது. சலிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, சலித்த பின்னால் ஒரு தடவை. முன்னால் நன்றாக இருந்து பின்னால் கிழிந்திருந்தால், நடுவில் சலித்தது முழுவதும் சந்தேகம். அதைத் தனியே நிறுத்தி வைக்க வேண்டும். 20 மெஷ், 24 மெஷ் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதால், சல்லடையின் வளையத்தில் நம்பர் பொறித்து, அந்த நம்பரை பேட்ச் ரெக்கார்டில் எழுதுகிறோம். முக்கியக் கருவிகளுக்குத் தனி அடையாள எண் வேண்டும் என்று அமெரிக்க மருந்து உற்பத்தி விதிகள் 1978-லேயே சொல்லிவிட்டன. நம் நாட்டில் ஷெட்யூல் எம் 1988-ல் வந்தது. 2001-லும் 2023-லும் திருத்தப்பட்டது.

விதி எத்தனை வந்தாலும் கடைசியில் பார்ப்பது ஒரு ஜோடிக் கண்தான். ராத்திரி ஷிஃப்டில், 3 மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், 'சரியாக உள்ளது' என்று பார்க்காமலே கையெழுத்துப் போடுவது ரொம்ப சுலபம். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் நம் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: "தம்பி, பேனாவை அப்புறம் எடு, முதலில் சல்லடையைத் தூக்கிப் பார்." அந்த மாத்திரையை விழுங்கப் போவது யாரோ ஒருவருடைய பாட்டி, நம் பாட்டியாகவும் இருக்கலாம்.

எங்கள் பாட்டி மாவுச் சல்லடை, ரவைச் சல்லடை என்று தனித்தனியே ஆணியில் மாட்டி வைத்திருப்பார். எதிலும் நம்பர் கிடையாது. ஆனாலும் மாற்றி எடுத்தால் கூடத்திலிருந்தே குரல் வரும். உங்கள் வீட்டில் எத்தனை ரகம் இருந்தது, என்ன பெயர் என்று நேரம் கிடைக்கும்போது எழுதுங்களேன்.