இன்சுலின் சுரக்கும் செல்லை மாற்றி வைத்தாலும் உடல் ஏன் ஏற்பதில்லை? டைப் 1 சர்க்கரை நோய்க்கான 'ஐலெட்' சிகிச்சை: முழு விவரம்

சிறுநீரகம் மாத்துறாங்க, கல்லீரல் மாத்துறாங்க. இன்சுலின் சுரக்கிற செல்லை மட்டும் மாத்த முடியாதா? டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளின் வீடுகளில், சாயர்புரம் ஆனாலும் சென்னை ஆனாலும், எழும் கேள்வி இது. மாற்ற முடியும். ஆனால், வைத்த செல்லை உடல் விட்டுவைக்காது என்பதுதான் சிக்கல்.

ஐலெட் என்றால் என்ன?

கணையத்துக்குள் திட்டுத் திட்டாக இருக்கும் செல் கூட்டங்களே ஐலெட். ஒருவருக்குச் சுமார் 10 லட்சம் இருக்கும். இவற்றில் உள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன. டைப் 1-ல் உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே இந்த பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பு அதிகம் சாப்பிட்டதால் வரும் நோய் அல்ல இது.

எப்படி மாற்றுகிறார்கள்?

மூளைச்சாவு அடைந்தவரின் கணையத்தில் இருந்து ஐலெட்டுகளைப் பிரித்து, நோயாளியின் கல்லீரலுக்குச் செல்லும் ரத்தக்குழாயில் செலுத்துகிறார்கள். கனடாவின் எட்மண்டன் நகரில் ஜேம்ஸ் ஷாபிரோ குழுவினர் 7 பேருக்குச் செய்த சிகிச்சை 2000-ல் உலகின் கவனத்தை ஈர்த்தது. 7 பேருமே இன்சுலின் ஊசியை நிறுத்தினார்கள். ஆனால், அங்கு சிகிச்சை பெற்றவர்களில் 5 ஆண்டுகளுக்குப் பிறகும் ஊசி இல்லாமல் இருந்தவர்கள் சுமார் 10 சதவீதம் பேர்தான்.

இரண்டு பக்கத் தாக்குதல்

முதலாவது, வேறொருவரின் செல் என்பதால் வரும் எதிர்ப்பு. சிறுநீரக மாற்றிலும் இது உண்டு. இரண்டாவது டைப் 1-க்கே உரியது: பீட்டா செல்லை அழித்த அதே பழைய பகை மீண்டும் கிளம்பும். அமெரிக்காவின் மினசோட்டாவில், ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவரின் கணையப் பகுதியை மற்றவருக்கு வைத்தபோதும் சர்க்கரை நோய் திரும்பி வந்தது.

அதனால், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிடணும். இதனால் தொற்று, சில வகைப் புற்றுநோய் அபாயம் கூடும். டாக்ரோலிமஸ் போன்ற மருந்து சிறுநீரகத்தையும், பீட்டா செல்லையுமே பாதிக்கலாம். எனவே, சர்க்கரை திடீரெனக் குறைந்து மயங்கி விழும் ஆபத்து அடிக்கடி உள்ள பெரியவர்களுக்கே இது பெரும்பாலும் செய்யப்படுகிறது.

புதிய முயற்சிகள்

ஸ்டெம் செல்லில் இருந்து உருவாக்கிய ஐலெட்டை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர், ஓராண்டுக்குப் பின் இன்சுலின் இல்லாமல் இருந்ததாக வெர்டெக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு 2025-ல் தெரிவித்தது. இவர்களுக்கும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து தேவை.

ஸ்வீடனின் உப்சாலாவில் வேறு வழி. எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படாதபடி மரபணு திருத்தப்பட்ட ஐலெட்டுகளை ஒருவரின் கைத் தசையில் வைத்தார்கள். அடக்கும் மருந்து எதுவும் தரவில்லை. செல்கள் பிழைத்து இன்சுலின் சுரந்தன. வைத்த அளவு குறைவு என்பதால் அவருக்கு ஊசி தொடர்கிறது.

பெற்றோர் கவனத்துக்கு

'ஸ்டெம் செல் போட்டா சுகர் போயிடும்' என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலின்படி, சர்க்கரை நோய்க்கு ஸ்டெம் செல் இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளது.

யார் சொன்னாலும் இன்சுலினை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கு ஆபத்தாகும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.