சென் ஜேம்ஸ் ரவுணின் கோபுரங்களும் திறந்த மூலக் கதைகூறு கருவிகளும்

ரொறன்ரோ நகரில் ஷேர்போர்ன், பார்லிமென்ட் வீதிகளுக்கு இடையே, வெலஸ்லி வீதிக்கு வடக்கே அமைந்த சென் ஜேம்ஸ் ரவுண் 1960களில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. 19 கோபுரங்களில் அரச கணக்கின்படி ஏறத்தாழ 17,000 பேர் வாழ்கின்றனர். கட்டடங்கள் கனேடிய நகரங்களின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. 1983 ஆடி வன்செயலுக்குப் பின் அடைக்கலம் தேடி வந்த ஈழத்தமிழர் முதலில் செறிந்து குடியேறிய இடங்களுள் இது ஒன்று. பின்னாளில் பலர் ஸ்கார்பரோவுக்குப் பெயர்ந்தமையால், புலம்பெயர் வரலாற்றில் இக்கோபுரங்கள் கடந்துபோன வாசலாகவே எண்ணப்படுகின்றன. வாசலில் கழிந்த ஆண்டுகளை எவ்வடிவில் எழுதுவது, எக்கருவியைக் கொண்டு காப்பது என்னும் வினாக்களுக்கு அதே நகரில் நிகழ்ந்த ஒரு முயற்சி விடைகூற உதவுகிறது.

கோபுர வாழ்க்கை தொடர்கதையாக அமைவதில்லை. ஒரே சுவரின் இருபுறமும் ஒரே வேளையில் இருவேறு கதைகள் நடக்கின்றன. இதனை உணர்ந்தே கனேடியத் தேசியத் திரைப்படச் சபை, இயக்குநர் கத்தரினா சிசெக்கின் பொறுப்பில் ‘ஹைரைஸ்’ என்னும் ஆவணத் தொடரை மேற்கொண்டது. 2010இல் வெளிவந்த ‘அவுட் மை விண்டோ’ 13 நகரங்களின் மாடிக் குடியிருப்பாளர் கூறிய 49 கதைகளைக் கொண்டது. எந்தச் சாளரத்தைத் திறப்பது என்பதைப் பார்வையாளரே முடிவு செய்தார். 2011 நவம்பரில் வெளியான ‘வன் மில்லியன்த் டவர்’, நகரின் வடமேற்கே கிப்லிங் அவென்யூக் கோபுரங்களின் குடியிருப்பாளர், கட்டடக் கலைஞர், அசைபட ஓவியர் ஆகியோரின் கூட்டாக்கம். சிதைந்த விளையாட்டிடமும் வெறும் புல்வெளியும் எவ்வாறு மாறலாம் என்று குடியிருப்போர் கண்ட கனவே அதன் பொருள். இவை சென் ஜேம்ஸ் ரவுணில் உருவானவை அல்ல. ஆயினும் ஒரே காலத்துக் கட்டட மரபும் ஒத்த குடியேற்ற வாழ்வும் இவ்விரு இடங்களையும் இணைக்கின்றன.

இவ்விரு ஆக்கங்களும் கருவியால் வேறுபட்டவை. முன்னது ஒரு நிறுவனத்துக்கு உரித்தான பிளாஷ் நுட்பத்தில் அமைந்தது. பின்னது வெப்ஜிஎல், மொசில்லாவின் ‘பொப்கோர்ன்’ நிரலகம் முதலிய திறந்த நுட்பங்களில் எழுந்தது. பொப்கோர்ன் உருவாக்கத்தில் ரொறன்ரோவின் செனெக்கா கல்லூரி ஆய்வுமையத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை இந்நகர வரலாற்றாசிரியர் மறத்தலாகாது. ஓடும் காணொளியின் குறித்த கணத்தில் படமோ வரைபடமோ எழுத்தோ பக்கத்தில் தோன்றச் செய்வது அதன் பணி. மேலும், இவ்வாவணத்தின் முப்பரிமாணக் காட்சி நிகழ்நேர வானிலைத் தரவுக்கேற்ப மாறியது. ஒரு மதிப்பு மாறியதும் அதனைச் சார்ந்தவை தாமே மாறுவதுதான் எதிர்வினை நிரலாக்கத்தின் அடிப்படை. 1979இல் வந்த ‘விசிகால்க்’ விரிதாளில் கணக்கர் கண்டதும் அதுவே. 1997இல் கோனல் எலியட்டும் போல் ஹூடாக்கும் அசைபடத்துக்கென அதனைக் கோட்பாடாக வகுத்தனர். பொப்கோர்ன் அக்கோட்பாட்டின் முழு வடிவம் அன்று, உறவினம் எனலாம்.

தமிழுக்கு இவ்வுறவு புறப்பொருள் அன்று. தமிழ்த் தொடர் தானே ஒரு சார்புவலை. பாத்திரம் ‘அவன்’ என்பதிலிருந்து ‘அவர்’ ஆகுமாயின் வினைமுற்றுகள் யாவும் மாறியாக வேண்டும். யாழ்ப்பாணத்து வழக்கில் மாடி ஏறிவரும் விருந்தாளி வயதில் மூத்தவராயின் ‘அண்ணை, வாங்கோ’. இளையவனாயின் ‘தம்பி, வா’. வாசகரே பாத்திரத்தைத் தெரிவு செய்யும் ஊடாட்டப் புனைவில் இவ்வொரு தெரிவு நூறு தொடர்களைத் தொடும். 1970களின் ஆங்கிலக் குகைப் புனைவுகளிலிருந்து வளர்ந்த கட்டளைவழிக் கருவிகள், வினைச்சொல் முதலில் வரும் ஏவலை எதிர்பார்த்தன. ‘விளக்கை எடு’ என்பதில் வேற்றுமை உருபேற்ற பெயர் முந்துகிறது. ஆதலின் அக்கருவியின் மொழிப்பகுதியையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். 2009இல் கிறிஸ் கிளைமாஸ் வெளியிட்ட ‘ட்வைன்’ இணைப்புகளைத் தெரியும் முறையைக் கைக்கொண்டதால் இத்தடை எழவில்லை. மூலநிரல் திறந்திருப்பதால் மரியாதைப் பன்மையைக் கையாளும் துணைநிரலைத் தமிழறிந்த எவரும் எழுதிச் சேர்க்கலாம். கேட்போனின் விடையால் கதை நகரும் வேதாளக் கதையை அறிந்த சமூகத்துக்கு இவ்வடிவம் அந்நியமும் அன்று.

காலம் இவ்விரு கருவிகளையும் வேறுவேறாகவே நடத்தியது. பிளாஷ் ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது; அந்நுட்பத்தை மட்டும் நம்பிய ஆக்கங்களை அடுத்த மாதமே உலாவிகள் திறக்க மறுத்தன. பொப்கோர்னையும் மொசில்லா கைவிட்டதுதான். திறந்த மூலம் நித்தியம் என்று கொள்வது பேதைமை. ஆனால் அதன் நிரல் பொதுவெளியில் கிடக்கிறது. படிக்கத் தெரிந்தவர் பழுதுபார்க்கலாம். முன்னதில் அவ்வுரிமையே இல்லை.

சென் ஜேம்ஸ் ரவுணைப் பொறுத்தவரை இது வெறும் நுட்ப விவாதம் அன்று. 2010 செப்டம்பர் 24 அன்று 200 வெலஸ்லி வீதிக் கோபுரத்தில் மூண்ட தீ ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றியது. 2018 ஆகஸ்ட் 21 அன்று 650 பார்லிமென்ட் வீதியில் நேர்ந்த தீயால் ஏறத்தாழ 1,500 பேர் வீடிழந்து, நீண்டகாலம் திரும்ப இயலாதிருந்தனர். அலமாரியில் வைத்த புகைப்படத்துக்கும் கடிதத்துக்கும் இத்தகைய இடத்தில் உத்தரவாதம் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் மீடியாவிக்கி என்னும் திறந்த மென்பொருளில் ஈழத்து ஆவணங்களைக் காத்து வருகிறது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகம், பிரின்ஸ் எட்வேர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் பிறந்த இஸ்லாண்டோராவைப் பயன்படுத்துகிறது. ஆவணங்களைச் சேமிக்கும் கருவிகள் இவ்வாறு உள்ளன. அவற்றைக் கோபுரத்தின் மாடிவாரியாக, வாசகர் நடந்து பார்க்கும் கதையாகக் கோப்பதே எஞ்சிய பணி. ட்வைனில் எழுதிய கதை ஒரே எச்டிஎம்எல் கோப்பாக வெளிவருகிறது. கருவி மறைந்தாலும் அக்கோப்பினுள் தமிழ்த் தொடர்கள் யூனிகோட் எழுத்தாகவே இருக்கும், எளிய உரைத்தொகுப்பியிலும் அவற்றைத் திறந்து வாசிக்கலாம்.