பூந்திக்கொட்டை

முடக்கத்தானும் லிச்சியும் அடங்கிய சபிண்டேசியே குடும்பத்து மரம். பூவந்தி என்றும் அழைப்பர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சபிண்டஸ் எமார்ஜினேட்டஸ், இமயமலை அடிவாரத்தில் சபிண்டஸ் முகோரோஸி ஆகிய இனங்கள் வளர்கின்றன. பெயரில் கொட்டை இருந்தாலும் நுரை தருவது அதை மூடிய சதைப்பற்றான தோல்தான். அதிலுள்ள சப்போனின் அழுக்கைப் பிரித்தெடுக்கிறது. விதையை நீக்கி, உலர்ந்த தோலை வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் நுரை பொங்கும். பட்டுச் சேலைக்கு இதைவிட மென்மையான சலவைப் பொருள் கிடைப்பது அரிது. பொற்கொல்லர்கள் நகையின் அழுக்கெடுக்க இதையே நம்பினார்கள். வீடுகளில் சீயக்காயுடன் சேர்த்து அரைத்துத் தலைக்குத் தேய்ப்பதுண்டு. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், எச்சரிக்கை தேவை. சப்போனின் மீன்களுக்கு நஞ்சு என்பதால் நுரைநீரைக் குளங்களில் கொட்டக் கூடாது. கரிய, கெட்டியான விதைகளை மணிகளாகக் கோப்பார்கள்.