உளவழிச் சிகிச்சை: முதல் அமர்வில் என்ன நடக்கும்? எதை எதிர்பார்க்கலாம்?

"ஒரு மணி நேரம் நான்தான் பேசினேன், அவர் தீர்வு எதுவும் சொல்லவில்லை." உளவழிச் சிகிச்சைக்கு முதன்முறையாகச் சென்று திரும்புவோர் அடிக்கடி கூறும் குறை இது. அந்த ஏமாற்றத்துடன் இரண்டாவது அமர்வுக்குச் செல்லாமலேயே நின்றுவிடுவோரும் உண்டு. சிகிச்சை எவ்வாறு நடைபெறும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் இவ்விழப்பைப் பெருமளவு தவிர்க்கலாம்.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) 12 மாநிலங்களில் நடத்திய 2015-16ஆம் ஆண்டு தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் இருந்தனர். பாதிக்கப்பட்டும் சிகிச்சை பெறாதவர்களின் விகிதம், பாதிப்பின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. இத்தனை பேர் வாசலுக்கே வராத நாட்டில், துணிந்து வந்த ஒருவர் முதல் நாளிலேயே திரும்பிவிடுவது சிறிய செய்தியன்று.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

'கவுன்சலிங்' என்றால் தமிழ் வாசகர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பொறியியல் மாணவர் சேர்க்கைதான். 'மனநல ஆலோசனை' என்ற சொல்லோ வேறொரு சிக்கலை உண்டாக்குகிறது. செய்திகளை மொழிபெயர்க்கும்போது நாங்களும் அதையே பயன்படுத்துகிறோம். ஆனால் ஆலோசனை என்றதும், விவரம் அறிந்த ஒருவர் நம் பிரச்சினையைக் கேட்டு 'இப்படிச் செய்யுங்கள்' என்று சொல்வார் என்ற எதிர்பார்ப்பு எழுகிறது. வழக்கறிஞரிடமும் குடும்பப் பெரியவரிடமும் நாம் பெறுவது அதுதான்.

உளவழிச் சிகிச்சையாளர் பொதுவாக அதைச் செய்வதில்லை. விவாகரத்து செய்யலாமா, வேலையை விடலாமா என்று கேட்டால் அவர் முடிவு சொல்லமாட்டார். அம்முடிவை எடுக்கவிடாமல் தடுக்கும் அச்சம், பழக்கம், நினைவு ஆகியவற்றை நோயாளியுடன் சேர்ந்து ஆராய்ந்து, அவற்றை மாற்றுவதற்கான பயிற்சியை அளிப்பதே அவர் பணி.

இந்தியாவுக்கு இது புதிய துறையும் அன்று. மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் 1922ஆம் ஆண்டிலேயே கொல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். சிக்மண்ட் பிராய்டுடன் அவர் கடிதத் தொடர்பும் கொண்டிருந்தார். இன்று பரவலாகப் பயன்படுவது, அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய முறையிலிருந்து வளர்ந்த அறிதிறன் நடத்தைச் சிகிச்சை ஆகும். மேலாளர் வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் கடந்து செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'என்னை வேலையிலிருந்து நீக்கப் போகிறார்' என்ற எண்ணம் ஒருவருக்கு நொடியில் எழுகிறது, நெஞ்சு படபடக்கிறது, மறுநாள் அவர் விடுப்பு எடுக்கிறார். அந்த எண்ணத்தைக் குறிப்பேட்டில் எழுதி, அதற்கு ஆதாரம் உண்டா, வேறு காரணம் இருக்கக்கூடுமா என்று சோதிக்க இம்முறை கற்றுத்தருகிறது. ஆகவே வீட்டுப்பாடம் கொடுக்கப்பட்டால் வியப்படைய வேண்டியதில்லை.

யாரிடம் செல்வது?

மருந்து எழுதித்தரும் அதிகாரம் பெற்றவர், எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு பயின்ற மனநல மருத்துவர். மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை. உளவியல் மதிப்பீடும் உளவழிச் சிகிச்சையும் அவரது துறை. மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டுப் பெற்று, கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். மனநல சமூகப் பணியாளர்களும் இச்சிகிச்சையில் பயிற்சி பெற்றவர்களாக இருப்பதுண்டு.

'கவுன்சலர்' என்ற பெயர்ப்பலகையை மட்டும் நம்பிச் செல்வது நல்லதன்று. சில வாரப் பயிற்சி பெற்றவர்களும் அப்பெயரைப் பயன்படுத்துகின்றனர். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள், என்னைப் போன்ற பிரச்சினை உள்ளவர்களுக்குச் சிகிச்சை அளித்திருக்கிறீர்களா என்று கேட்பதில் தவறில்லை. முறையாகப் பயின்றவர் இக்கேள்விகளால் மனம் வருந்தமாட்டார்.

முதல் நாள்

ஓர் அமர்வு பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடங்கள் வரை நீடிக்கும். கூட்டம் மிகுந்த அரசு மருத்துவமனைகளில் இது குறையலாம். கட்டணம், அமர்வைத் தவறவிட்டால் என்ன செய்வது, ரகசியக் காப்பின் எல்லை ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சிகிச்சையாளர் விளக்க வேண்டும். விளக்கவில்லையெனில் கேட்கலாம்.

அதன்பின் வருபவை பெரும்பாலும் கேள்விகளே. எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, பசி எப்படி, மதுப் பழக்கம் உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இத்தகைய பாதிப்பு இருந்ததா, தற்போது என்ன மருந்துகள் உட்கொள்கிறீர்கள் என்று விசாரணை நீளும். தைராய்டு சுரப்புக் குறைவு மனச்சோர்வைப் போன்ற அறிகுறிகளைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பப்படுவதும் உண்டு. முதல் ஓரிரு அமர்வுகள் மதிப்பீட்டுக்கே செலவாகும். 'அவர் ஒன்றும் சொல்லவில்லை' என்ற குறை பிறப்பது இக்கட்டத்தில்தான்.

தற்கொலை எண்ணம் உண்டா என்ற கேள்வியும் தவறாமல் வரும். அதைக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை என்பது மனநலத் துறையில் நிறுவப்பட்ட உண்மை. காவல்துறைக்குச் செய்தி போய்விடுமோ என்று அஞ்சி இதற்குப் பொய் சொல்வோர் உள்ளனர். அத்தகைய எண்ணம் இருப்பது குற்றமாகாது. தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு கூறுகிறது.

நம் நாட்டில் நோயாளி தனியாக வருவது அரிது. தாயோ கணவரோ உடன் வந்து, கேள்விகளுக்கு அவர்களே பதிலும் சொல்லத் தொடங்குவார்கள். சிறிது நேரம் வெளியே அமரும்படி சிகிச்சையாளர் அவர்களிடம் கேட்டுக்கொள்வதை அவமதிப்பாகக் கருத வேண்டாம். பல நேரங்களில் நோயாளி முதன்முறையாக வாய்திறப்பது அந்தக் கதவு மூடிய பிறகே. அப்போதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'இதைப் பற்றி இன்று பேச விரும்பவில்லை' என்று கூறினால் போதும்.

சொன்னது வெளியே போகுமா?

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, சிகிச்சை தொடர்பான தகவல்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக அறிவிக்கிறது. ஒருவரின் உயிருக்கு அச்சுறுத்தல், நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்களே விதிவிலக்கு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் குறித்துத் தெரியவந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை சிகிச்சையாளருக்கும் உண்டு. தமது மருத்துவப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமையும் நோயாளிக்கு உள்ளது.

எத்தனை நாளில் குணமாகும்?

அறிதிறன் நடத்தைச் சிகிச்சை பெரும்பாலும் வாரம் ஒருமுறையாக 6 முதல் 20 அமர்வுகளில் முடியும். நெடுங்கால அதிர்ச்சி, ஆளுமைச் சிக்கல் போன்றவற்றுக்குக் கூடுதல் காலம் தேவைப்படலாம். வேதனையான நினைவுகளைப் பேசிய நாள்களில் மனம் முன்பைவிடக் கனத்துப்போவதும் உண்டு; அதைச் சிகிச்சையாளரிடம் தெரிவிக்க வேண்டும். கைகளைத் திரும்பத் திரும்பக் கழுவும் எண்ணச் சுழற்சி நோய்க்கு அளிக்கப்படும் சிகிச்சையில், அழுக்கைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கப் பயிற்சி தரப்படுகிறது. தொடக்கத்தில் அது கடினமாகவே இருக்கும்.

பயன் உண்டா என்ற ஐயத்துக்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. கோவாவில் 'சங்காத்' அமைப்பு நடத்திய ஆய்வில், மனநலத் துறையில் முன்அனுபவம் இல்லாத உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சி அளித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடும் மனச்சோர்வு நோயாளிகளிடம் 6 முதல் 8 அமர்வுகள் பேசச் செய்தனர். மூன்று மாதங்களில் அவர்களில் 64 சதவீதத்தினர் மனச்சோர்விலிருந்து மீண்டனர். இந்த அமர்வுகளைப் பெறாத பிரிவில் மீண்டவர்கள் 39 சதவீதம். 2017ஆம் ஆண்டு 'தி லான்செட்' மருத்துவ இதழில் இம்முடிவுகள் வெளியாகின.

இருப்பினும் பேச்சால் மட்டுமே எல்லாம் தீராது. மனச்சிதைவு, இருதுருவ மனநோய் போன்றவற்றுக்கு மருந்தே அடிப்படை. உளவழிச் சிகிச்சை தொடங்கிவிட்டது என்பதற்காக மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது.

நான்கைந்து அமர்வுகளுக்குப் பிறகும் தம்மைப் புரிந்துகொள்ளவில்லை என்று தோன்றினால், அதை நேரடியாகச் சொல்லலாம். வேறொருவரிடம் மாறவும் செய்யலாம். இத்தனை நாளில் குணப்படுத்துகிறேன் என்று உறுதியளிப்பவரிடம் எச்சரிக்கை தேவை. பாலியல் நோக்கில் அணுகுபவரிடமிருந்து உடனே விலகி, புகார் அளிக்க வேண்டும். அது எந்தச் சூழலிலும் சிகிச்சையாகாது.

செலவு

தனியார் சிகிச்சையாளர்களின் கட்டணம் பலரால் வாரந்தோறும் செலுத்த இயலாத அளவில் உள்ளது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும் மாவட்ட மனநலத் திட்டமும் மாற்று வழிகள். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்று சட்டத்தின் 21ஆவது பிரிவு கூறினாலும், பல காப்பீடுகள் புறநோயாளிச் செலவை ஏற்பதில்லை. உளவழிச் சிகிச்சை பெரும்பாலும் புறநோயாளியாகவே பெறப்படுவதால், காப்பீட்டு ஆவணத்தில் இதனை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

எங்கு தொடங்குவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மனஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணமில்லா இச்சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது. தமிழிலும் பேசலாம்.