கணினிக் கடிகார ஒத்திசைவு

கணினிக் கடிகார ஒத்திசைவு என்பது கணினியின் நேரத்தை நம்பகமான நேர வழங்கி ஒன்றுடன் பொருந்தச் செய்வதாகும். இதற்குப் பெரும்பாலும் டேவிட் மில்ஸ் வடிவமைத்த என்.டி.பி. நெறிமுறை பயன்படுகிறது. இந்நெறிமுறை 1985 இல் வெளியிடப்பட்டது.

இரு கடிகாரங்கள்

கணினியில் மின்கலத்தால் இயங்கும் வன்பொருள் கடிகாரமும், இயங்குதளம் பேணும் கடிகாரமும் உள்ளன. லினக்ஸில் 'எச்டபிள்யூகிளாக்' கட்டளை முன்னதையும், 'டேட்' கட்டளை பின்னதையும் காட்டும்.

ஐந்தரை மணிநேரப் பிழை

வன்பொருள் கடிகாரம் காட்டுவதை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் பொதுவாக ஒருங்கிணைக்கப்பட்ட சர்வதேச நேரமாகவும் கொள்கின்றன. எனவே இரண்டும் நிறுவப்பட்ட கணினியில் இந்திய நேரம் 5.30 மணி பிசகக்கூடும். லினக்ஸுக்குப் பின் விண்டோஸைத் தொடங்கினால் நேரம் பின்தங்கும், மறுதலையாயின் முந்தும். இரு இயங்குதளங்களையும் ஒரே முறைக்கு மாற்றுவதே தீர்வாகும். மாறாக, மின்னிணைப்பைத் துண்டித்த பின் பழைய தேதி தோன்றினால் மின்கலத்தை மாற்ற வேண்டும். தேதி பெரிதும் பிழையாயின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதனவாகக் கருதப்பட்டு இணையத்தளங்கள் திறவா.

இந்தியாவில்

இந்திய சீர் நேரத்தைப் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் பேணுகிறது. இணையத் தாக்குதலை ஆராய்கையில் பல கணினிகளின் பதிவேடுகளை நேரவரிசையில் ஒப்பிட வேண்டியுள்ளது. இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட பணிப்புரை, நிறுவனங்கள் தம் கடிகாரங்களை இவ்வாய்வகத்தின் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் நேர வழங்கிகளுடனோ, அவற்றை அடியொற்றிய வழங்கிகளுடனோ ஒத்திசைக்க வேண்டும் என்கிறது.