இடம் நாட்டுக்கு, மதிப்பெண் ஆளுக்கு: ஃபிகர் ஸ்கேட்டிங் தகுதிமுறையும் பனியில்லாத ஊரும்

குத்துக்கல்வலசை தென்காசி நகரை ஒட்டிய ஊராட்சி. குற்றாலத்தில் சாரல் பிடித்தால் இங்கும் காற்று குளிரும். அதற்குமேல் குளிரை இவ்வூர் அறியாது. இங்கே பிறந்த ஒரு பிள்ளை உலக ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியில் இந்தியாவின் பெயரோடு களமிறங்க எந்தெந்த வாசல்களைத் தாண்ட வேண்டும்? கேள்வி விந்தையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு தகுதிமுறையின் இண்டு இடுக்குகள், அது யாருக்காக வகுக்கப்பட்டதோ அவர்கள் கண்ணில் படுவதில்லை. தொலைவில் நிற்பவரே அவற்றில் இடறுகிறார். சிறிய நாடுகளை வெளியே நிறுத்துவது நாடுவாரி இட ஒதுக்கீடே என்று எண்ணுவது இயல்பு. இந்தியாவைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பிழை. நம்மை மறிப்பவை குறைந்தபட்சத் தொழில்நுட்ப மதிப்பெண்ணும், நம் அரசே வகுத்த கடவுச்சீட்டு விதியும், எல்லாவற்றுக்கும் அடியில் பனித்தளம் இல்லாமையுமே.

முதலில் ஒதுக்கீடு. 1892-இல் தோன்றிய சர்வதேச ஸ்கேட்டிங் யூனியனின் உலகப் போட்டியில் உறுப்பு நாடு ஒவ்வொன்றும் ஒரு பிரிவில் ஒருவரை அனுப்பலாம். இந்த ஓர் இடத்தை யாரும் பறிக்க முடியாது. இரண்டாவதும் மூன்றாவதும் முந்தைய ஆண்டின் உலகப் போட்டியில் ஈட்டப்பட வேண்டியவை. ஒரே ஒருவர் கலந்துகொண்ட நாட்டில் அவர் முதலிரண்டு இடங்களுக்குள் வந்தால் மறு ஆண்டு மூன்று பேர். மூன்று முதல் பத்துக்குள் வந்தால் இரண்டு பேர். ஒருவருக்கு மேல் ஆடியிருந்தால், சிறந்த இருவரின் தரவரிசை எண்களைக் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 13-ஐத் தாண்டாவிட்டால் மூன்று இடம், 28-ஐத் தாண்டாவிட்டால் இரண்டு. 2025-இல் பாஸ்டனில் பெண்கள் பிரிவில் அமெரிக்காவின் அலிசா லியூ முதலிடம், இசபோ லெவிட்டோ நான்காமிடம். ஜப்பானின் கவோரி சகாமோட்டோ இரண்டாமிடம், மோனே சிபா மூன்றாமிடம். இரு நாடுகளுக்கும் கூட்டுத்தொகை 5. இரண்டுக்கும் மூன்று இடம்.

இந்தக் கணக்கின் உட்பொருள், ஈட்டுபவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர் என்பது. 2013-இல் கனடாவின் லண்டன் நகரில் தென்கொரியாவின் ஒரே வீராங்கனையாக ஆடிய கிம் யூனா பட்டம் வென்றார். ஒலிம்பிக் இடங்களும் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் உலகப் போட்டியிலேயே ஈட்டப்படுகின்றன. அந்த ஒரு வெற்றியால் 2014 சோச்சி ஒலிம்பிக்கில் கொரியப் பெண்களுக்கு மூன்று இடம் கிடைத்தது. பார்க் சோ-யோன், கிம் ஹே-ஜின் என்ற இரு இளையவர்கள் அவருடன் சென்றார்கள். மூத்தவள் படித்து வேலைக்குப் போய் இளையவர்களைக் கரையேற்றும் குடும்பங்களை நாம் அறிவோம். அதே இயல்புடைய விதி இது. இடம் நாட்டின் சொத்தாகையால் அதில் யாரை அமர்த்துவது என்பதும் அந்நாட்டுச் சங்கத்தின் உரிமை. 2014-இல் அமெரிக்கத் தேசியப் போட்டியில் மூன்றாவதாக வந்த மிராய் நாகாசு வீட்டில் இருக்க, நான்காவதாக வந்த ஆஷ்லி வாக்னர் முந்தைய சர்வதேசச் சாதனைகளைக் கொண்டு சோச்சி சென்றார். அந்தச் சர்ச்சை அங்கே நெடுநாள் ஓடியது.

இந்தியாவுக்கு அந்தச் சர்ச்சை எழவே வாய்ப்பில்லை. நமக்குரிய ஓர் இடம் எப்போதும் திறந்தே இருக்கிறது. ஐரோப்பா தவிர்ந்த கண்டங்களுக்காக 1999-இல் தொடங்கிய நான்கு கண்டப் போட்டியிலோ ஒரு பிரிவுக்கு மூவர் வரை அனுப்பலாம். ஆனாலும் நம் இருக்கை பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது.

காரணம் மதிப்பெண். நடுவர்கள் தரும் மொத்தப் புள்ளியில் தாவல், சுழற்சி, காலசைவு வரிசை ஆகியவற்றுக்குரிய பகுதியே தொழில்நுட்ப மதிப்பெண். குறும் ஆட்டத்திலும் நெடும் ஆட்டத்திலும் யூனியன் வரையறுத்த அளவை எட்டியவரே பெயர் கொடுக்க முடியும். உள்ளூரில் எடுத்த மதிப்பெண் செல்லாது. யூனியன் ஏற்ற சர்வதேசப் போட்டியில், நடப்புப் பருவத்திலோ அதற்கு முந்தைய பருவத்திலோ எடுத்திருக்க வேண்டும். தரம் காக்க ஓர் அளவுகோல் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. என் மறுப்பு அதன் காலாவதியைப் பற்றியது. ஆண்டுதோறும் பல போட்டிகளுக்குப் போய்வரும் கனடியப் பெண்ணுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. சொந்தச் செலவில் விமானம் ஏறும் இந்தியப் பெண்ணுக்கோ, எட்டிய தகுதியை மீண்டும் மீண்டும் விலைகொடுத்து வாங்க வேண்டிய நிலை. 2024-25 பருவம் முதல் மூத்தோர் பிரிவுக்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால் இந்தச் செலவு கல்லூரிச் செலவோடு வந்து மோதுகிறது.

அடுத்தது நாமே எழுப்பிய சுவர். யூனியனின் விதி குடியுரிமையையோ ஓராண்டு வசிப்பையோ ஏற்கிறது. இந்திய அரசு 2008 இறுதியில் எடுத்த முடிவுப்படி இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவரே நாட்டின் சார்பில் ஆட முடியும். இரட்டைக் குடியுரிமையும் இங்கில்லை. அம்முடிவுக்கு முன்பே அமெரிக்காவில் வளர்ந்த ஆமி பரேக் யூனியனின் பட்டப் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடிவிட்டார். அயோவா மாநிலத்தில் பிறந்த தாரா பிரசாத் இந்தியக் குடியுரிமைக்கு மாறியபின் 2022, 2023, 2025 தேசியப் பட்டங்களை வென்று, 2025 ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டிலும் ஆடினார். பிறந்த நாட்டின் கடவுச்சீட்டைத் துறந்து வருவது சிறிய காரியமன்று. அவர் பயின்றதோ கொலராடோ ஸ்பிரிங்ஸில். கொடி நம்முடையது, பனி அவர்களுடையது.

வெப்ப நாடு என்பதால் இப்படித்தான் இருக்கும் என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. மணிலாவின் வணிக வளாகப் பனித்தளத்தில் பழகிய பிலிப்பைன்ஸின் மைக்கேல் கிறிஸ்தியன் மார்ட்டினெஸ், 2013-இல் ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃபில் நடந்த நெபல்ஹார்ன் கோப்பை என்ற இறுதித் தகுதிப் போட்டியின் வழியே சோச்சி சென்று 19-ஆம் இடம் பிடித்தார். 2017-இல் அதே போட்டியின் வழியே மலேசியாவின் ஜூலியன் யீ பியோங்சாங் ஒலிம்பிக்கை எட்டினார். தமிழர்கள் திரளாக வாழும் மலேசியாவின் வெயில் நம் வெயிலுக்குக் குறைந்ததன்று.

திறமைக் குறை என்பதும் பொருந்தாது. பனியை நீக்கிச் சக்கரத்தைப் பொருத்தினால் நம் கதையே வேறு. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ரோலர் ஸ்கேட்டிங்கின் கலைப் பிரிவில் அனூப் குமார் யாமா தனியாகவும், அவனி பஞ்சாலுடன் இணைந்தும் வெண்கலம் வென்றார். ஃபிகர் ஸ்கேட்டிங்கின் தாவலும் சுழற்சியும் அங்கேயும் உண்டு. வேகப் பிரிவில் தமிழ்நாட்டின் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரிராஜும் இடம்பெற்ற தொடரோட்ட அணி ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்றது. 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டைஹேயில் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 1,000 மீட்டரில் உலகப் பட்டமே வென்றார். சக்கரத்துக்குத் தார்ச்சாலையும் சிமெண்டுத் தளமும் போதும். ஒரு பிள்ளை பத்து வயதில் தொடங்கி மாவட்டம், மாநிலம், தேசம் என்று படிப்படியாக ஏற முடிந்தது.

2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானபோது, மாவட்டவாரிப் போட்டிகளில் இப்பகுதிப் பிள்ளைகள் திருநெல்வேலியோடு போட்டியிட்டு வெல்ல வேண்டிய தேவை நீங்கியது. ஓர் ஊருக்கென்று இடம் ஒதுக்குவதன் பயனை இங்குள்ள விளையாட்டு ஆசிரியர்கள் நேரில் கண்டவர்கள். அவர்களே சொல்லக்கூடிய இன்னொன்று, மைதானம் இல்லாத விளையாட்டுக்கு ஒதுக்கிய இடம் வெறும் காகிதம் என்பது.

ஆகவே யூனியனிடம் இந்தியா கேட்க வேண்டியது கூடுதல் இடம் அன்று. எட்டிய மதிப்பெண்ணுக்கு இன்னும் நீண்ட ஆயுள். தமிழக அரசிடம் நாம் கேட்க வேண்டியது சென்னையிலாவது 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பனித்தளம். ரோலர் பிள்ளைகளிலிருந்து அதற்கு ஆள் தேர்வு. தேர்ந்தவர்களுக்கு வெளிநாட்டுப் போட்டிச் செலவு. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் கட்டிய ஹிமாத்ரி தளம் பல்லாண்டு பூட்டிக் கிடந்து 2025-இல்தான் மீண்டும் திறந்தது. கட்டினால் மட்டும் போதாது, நடத்தவும் நிதி வேண்டும். கூரைக்குக் கீழே ஒலிம்பிக் அளவில் அமைந்த தளம் அது. குத்துக்கல்வலசையிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே, 2,300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.