இடிப்பதற்கு முன் ஒரு கணக்கு: நங்கநல்லூர் அடுக்குமாடிகளின் கதை

நம் நங்கநல்லூரில் இப்போது எந்தத் தெருவில் திரும்பினாலும் பச்சை வலை கட்டிய கட்டடம் ஒன்று கண்ணில் படுகிறது. இடிபடுபவை நூறு வருஷத்துப் பழைய பங்களாக்கள் அல்ல. 1980-களிலும் 90-களிலும் எழுந்த, தரைத்தளமும் இரண்டு மாடிகளும் கொண்ட ஃபிளாட்டுகள். வயது முப்பதோ நாற்பதோதான். உங்களில் பலர் அவற்றின் முதல் உரிமையாளர்கள். இவை எப்படி வந்தன, ஏன் இவ்வளவு சீக்கிரம் போகின்றன என்பதை ஒரு தடவை எழுதி வைப்பது நல்லது.

முதலில் இங்கே தனி வீடுகள்தான். கடற்கரை முதல் தாம்பரம் வரை 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பழவந்தாங்கலில் இறங்கி நடக்கும் தூரத்தில், ஒரு கிரவுண்டு, அரை கிரவுண்டு என்று மனை வாங்கி, கிணறும் தென்னையுமாக வீடு கட்டியவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள்.

தனி வீடு ஃபிளாட் ஆனதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பத்திரம். மனையைக் கூறு போடாமல், "பிரிக்கப்படாத பங்கு" என்று ஆளுக்கு இத்தனை சதுர அடி நிலத்தைக் கிரயம் செய்து, கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் போடும் முறை. இதைத்தான் யூ.டி.எஸ். என்கிறோம். இரண்டாவது, கடன். 1988-ல் தேசிய வீட்டு வசதி வங்கி அமைந்த பிறகு வீட்டுக் கடன் பரவலாகியது. ஓய்வு பெறும்போதுதான் சொந்த வீடு என்றிருந்த நிலை மாறி, வேலையில் இருக்கும்போதே மாதத் தவணை கட்டி வாங்கலாம் என்றாயிற்று. வங்கியில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அந்தக் காலத்துப் பத்திரக் கட்டுகளின் வாசனை இன்னும் நினைவிருக்கிறது.

ஃபிளாட் வந்ததும் கழிவுநீர்ப் பிரச்சினையும் வந்தது. செப்டிக் டேங்க்கும் லாரியுமாகக் காலம் தள்ளினோம். அப்போது நாம் ஆலந்தூர் நகராட்சி. பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகை கேட்டார்கள். நலச் சங்கங்கள் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொல்ல, மக்கள் பணம் கட்டினார்கள். 2000-ல் பணி தொடங்கியது. நாட்டில் பல ஊர்கள் இதை முன்மாதிரியாகப் பேசின. இன்று இங்கே மனைக்கு இருக்கும் மதிப்பில் அந்த 5,000 ரூபாய்க்கும் பங்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம். 2011-ல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2016-ல் நங்கநல்லூர் சாலை மெட்ரோ நிலையம் திறந்தது.

இனி, இவை ஏன் போகின்றன? கட்டடத்தின் உடல்நிலை முதல் காரணம். உப்பு கலந்த போர் தண்ணீரில் கலவை போட்ட இடங்களில், கம்பிக்கு மேல் போதிய கனத்தில் கான்கிரீட் இல்லாத இடங்களில், கம்பி துருப்பிடித்து உப்பும். மேலே உள்ள காரை பெயர்ந்து விழும். பாத்ரூம் கசிவும் மொட்டை மாடி ஒழுகலும் இதை வேகப்படுத்தும். இரண்டாவது, வசதி. இவை கட்டப்பட்டபோது வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டர். இன்று கார் நிறுத்த இடமில்லை. முப்பத்தைந்து வயதில் ஓடி ஏறிய மாடிப்படி எழுபது வயதில் மலையாகத் தெரிகிறது, லிஃப்ட் கிடையாது.

மூன்றாவது, சட்டம். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கான தளப் பரப்பு குறியீட்டை, அதாவது எஃப்.எஸ்.ஐ.யை, 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின. 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் மறுகட்டுமானத்துக்குத் தெளிவான வழி இல்லை. ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுவிடும். அதற்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. இப்போது மூன்றில் இரு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும்.

இங்கேதான் கணக்கு முக்கியம். ஒரு பேச்சுக்கு இரண்டு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்ளுங்கள்: 4,800 சதுர அடி. 1.5 குறியீட்டில் 7,200 சதுர அடி கட்டலாம். தலா 900 வீதம் எட்டு வீடு. ஆளுக்கு யூ.டி.எஸ். 600 சதுர அடி. இப்போது குறியீடு 2 என்றால் 9,600. எட்டுப் பேருக்கும் அதே 900 கொடுத்தால் பில்டருக்கு மிச்சம் 2,400. அந்த 2,400-க்கு உரிய நிலமும் அவர் விற்கும் வீடுகளோடு போய்விடும். ஆக, உங்கள் நிலப் பங்கு 600-லிருந்து 450 ஆகிறது. "வீடு அதே அளவு, புதுசு, இலவசம்" என்று கேட்கும்போது, 150 சதுர அடி நிலத்தை விலையாகக் கொடுக்கிறோம் என்று வாசிக்க வேண்டும்.

பில்டர் பக்கமும் பாருங்கள். கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 3,000 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 2 கோடியே 88 லட்சம். இதை 2,400 சதுர அடி விற்று எடுக்க வேண்டுமென்றால், அசல் வரவே அடிக்கு 12,000 ரூபாய். இதற்கு மேல்தான் லாபமும், நமக்குத் தரும் வாடகையும். அதனால்தான் சிலர் கூடுதல் பணம் கேட்கிறார்கள். சிலர் அரசுக்குக் கட்டணம் கட்டிப் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கி இன்னும் வீடுகளைச் சேர்க்கிறார்கள். சேரும் ஒவ்வொரு வீட்டுக்கும் நம் நிலப் பங்கு இன்னும் குறையும். பழைய கட்டடம் அனுமதித்த வரைபடத்துக்கு மேல் கட்டியிருந்தால், புதிய விதியில் கிடைக்கும் லாபம் நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

எட்டு வீட்டில் ஆறு பேர் சரி என்றால் சட்டப்படி போதும். மிச்சம் இரண்டு பேர்? பெரும்பாலும் அவர்கள் தனியாக வாழும் மூத்தவர்கள். எண்பது வயதில் சாமான் செட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு வருஷம் வாடகை வீடு, பழகாத மருந்துக் கடை, திரும்பி வருவோமா என்ற பயம். அவர்களை "முட்டுக்கட்டை" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதுவது எளிது. பக்கத்துத் தெருவிலேயே தரைத்தள வாடகை வீடு, வாடகைப் பணத்துக்கு வங்கி உத்தரவாதம், தாமதமானால் என்ன இழப்பீடு என்று ஒப்பந்தத்தில் எழுதிக் காட்டினால் அந்தப் பயத்தில் பாதி குறையும். வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டு வேலைக்கு வருபவர்கள், வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் ஆகியோருக்கு ஓட்டே இல்லை. அவர்களுக்கு முன்கூட்டித் தகவலாவது சொல்லிவிடுங்கள்.

உங்கள் கட்டடத்தில் இந்தப் பேச்சு தொடங்கிவிட்டதா? கூட்டத்துக்குப் போகும் முன் மூன்று காகிதங்களை எடுத்து வையுங்கள்: கிரயப் பத்திரம், அனுமதி பெற்ற வரைபடம், வில்லங்கச் சான்று. பத்திரத்தில் எல்லோருடைய யூ.டி.எஸ்.ஸையும் கூட்டினால் மனையின் அளவு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அதை முதலில் சரி செய்ய வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். கட்டடம் காலியாகும் முன் வாசலில் நின்று ஒரு புகைப்படம் எடுத்து, கட்டிய வருஷத்தையும் எழுதி நம் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். தனி வீடுகள் போனபோது இதை யாரும் செய்யவில்லை. அதற்கென ஒரு கோப்பு திறந்து வைத்திருக்கிறோம்.